நாடு தழுவிய தொழிலிட உறவு ஆய்வு: மலையகத்தில் திட்டமிடுவதும் கருத்துக் கேட்பதும்

இலங்கை முழுவதற்குமான தொழிலிட உறவு ஆய்வொன்றின் மலையக ஆயத்த வேலை உங்கள் கைக்கு வந்திருந்தால் இந்த வழிகாட்டி உங்களுக்குத்தான். நீங்கள் திணைக்களத்தில் இருக்கலாம், பல்கலைக்கழகத்தில் இருக்கலாம், ஒரு சங்கத்தின் ஆய்வுப் பிரிவில் இருக்கலாம். நான் அட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கங்களில் இப்படியான வேலைகளுக்கு ஆயத்தம் செய்திருக்கிறேன், புதியவர்களைப் பழக்கியும் இருக்கிறேன். அவர்களில் பெரும்பாலானோர் தடுக்கியது ஒரே இடத்தில்தான். வினாக்கொத்தை முதலில் எழுதிவிட்டார்கள். கருத்துக் கேட்பது அப்புறம் ஒரு சடங்காகப் போனது.

இது எந்த மாதிரியான ஆய்வு என்பதை ஒரு தடவை தெளிவாக்கிக்கொள்வோம். ஒரே தொழிலிடத்தின் முகாமையாளர், தொழிலாளர் பிரதிநிதி, தொழிலாளர்கள் என்ற மூன்று தரப்பிடமும் அதே இடத்தைப் பற்றிக் கேட்டு, பதில்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. பிரித்தானியாவில் 1980 முதல் 2011 வரை ஆறு தடவை செய்திருக்கிறார்கள். 2011 சுற்றில் 2,680 தொழிலிடங்களின் முகாமையாளர்கள், 1,002 பிரதிநிதிகள், 21,981 ஊழியர்கள் பதில் தந்தார்கள். கீழே வரும் ஒவ்வொரு படியும் அந்த மூன்று குரலும் ஒரே இடத்தைப் பற்றியே பேச வேண்டும் என்பதற்காகத்தான்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில், யார் இந்த ஆய்வை நடத்துகிறார்கள் என்று சொல்லும் கையெழுத்திட்ட கடிதம். அது இல்லாமல் கூட்டம் கூப்பிட்டால் முதல் அரை மணி நேரம் "நீங்கள் யாருடைய ஆட்கள்?" என்ற கேள்விக்கே போய்விடும்.

அடுத்தது பட்டியல்கள். ஒன்றை மட்டும் நம்ப முடியாது. ஊழியர் சேமலாப நிதிப் பதிவு தொழில்தருநரை (வேலை கொடுப்பவரை) எண்ணும், இடத்தை எண்ணாது. கம்பனியின் தோட்டப் பட்டியலில் தோட்டங்கள் இருக்கும், நகரத்துக் கடைகளும் ஹோட்டல்களும் இருக்காது. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் 2013/14இல் எடுத்த பொருளாதாரக் கணக்கெடுப்பில் நிறுவனங்கள் இருக்கின்றன, ஆனால் அது பழையது. மூன்றையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட ஒரு மாதம் ஒதுக்குங்கள்.

பணத்தில் ஒரு வரியை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். கூட்டத்துக்கு வரும் தொழிலாளிக்கு அன்றைய பேர் (நாள்வேலைப் பதிவு) போய்விடும். அந்த நாட்சம்பளத்தையும் பஸ் காசையும் வரவுசெலவில் எழுதிவையுங்கள். இல்லாவிட்டால், சம்பளம் வெட்டுப்படாதவர்கள் மட்டுமே உங்கள் கூட்டத்துக்கு வருவார்கள்.

1. எந்தத் தீர்மானத்துக்கு இந்த ஆய்வு என்பதை ஒரு பக்கத்தில் எழுதுங்கள்

"எந்தக் கேள்வியைக் கேட்கலாம்?" என்று தொடங்காதீர்கள். "பதில் கிடைத்தால் யார் என்ன செய்வார்கள்?" என்று தொடங்குங்கள். முதல் கேள்விக்கு எல்லாரும் நூறு கேள்வி தருவார்கள். இரண்டாவதற்கு ஐந்தாறு பதில்தான் வரும், திட்டத்தை அவற்றின்மேல்தான் கட்ட முடியும்.

தொழிற்படை அளவீடு ஏற்கெனவே இருக்கிறதே என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள். அதற்கான பதிலையும் அதே பக்கத்தில் எழுதிவிடுங்கள். அந்த அளவீடு வீட்டுக்குப் போய்க் கேட்பது. ஒருவருக்கு வேலை இருக்கிறதா, எத்தனை மணி நேரம் வேலை செய்தார் என்று சொல்லும். அவர் வேலை செய்யும் இடத்தில் முறைப்பாட்டை யார் கேட்கிறார்கள், அதே விஷயத்தைப் பற்றி நிர்வாகம் என்ன நினைக்கிறது என்பதை அதனால் சொல்ல முடியாது.

2. தொழிலிடம் என்றால் எது என்று முடிவு செய்யுங்கள்

இந்தப் படிக்கு நேரம் கொடுங்கள். மலையகத்தில் ஆய்வு பிழையாகிப்போவதற்கு இதைவிடப் பெரிய காரணத்தை நான் பார்த்ததில்லை.

ஒரு தோட்டத்தை எடுங்கள். கம்பனியின் தலைமை அலுவலகம் கொழும்பில் இருக்கும். தோட்டத்தில் ஒரு பெரிய துரை (முகாமையாளர்), மேல்கணக்கு, கீழ்கணக்கு என்று பிரிவுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்ன துரை (உதவி முகாமையாளர்), தனிப் பெரட்டு (காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிப்பது), தனிச் செக்ரோல் (வேலைக்கு வருபவர்களின் பெயர்ப் பதிவு). கீழே ஸ்டோர் (தேயிலைத் தொழிற்சாலை). இதில் எது தொழிலிடம்? கம்பனியா, தோட்டமா, கணக்கா, ஸ்டோரா?

நீங்கள் சொல்லிவைக்காவிட்டால் ஆளுக்கொரு பதில் வரும். ஒரு முன்னோட்டத்தில் (சோதனைச் சுற்றில்) இதை நேரில் பார்த்தேன். பெரிய துரை தோட்டம் முழுவதையும் மனத்தில் வைத்துப் பதில் சொன்னார். தலைவர் (தோட்டத்தில் சங்கத்தின் பிரதிநிதி) தன்னுடைய கணக்கைப் பற்றிச் சொன்னார். கொழுந்து பறிக்கும் பெண்கள் தங்கள் கங்காணியின் (மலையில் வேலையை மேற்பார்வை செய்பவரின்) ஆட்களைப் பற்றிச் சொன்னார்கள். போன வருடம் வேலைநிறுத்தம் நடந்ததா என்ற கேள்விக்கு மூன்று விதமான பதில். மூன்றும் உண்மை. கீழ்கணக்கில் மட்டும் இரண்டு நாள் வேலைக்குப் போகாமல் இருந்திருக்கிறார்கள்.

என் பரிந்துரை இது: ஒரே முகாமையாளரின் கீழ், ஒரே வளாகத்தில் நடக்கும் வேலை ஒரு தொழிலிடம். அப்படியானால் தோட்டம் ஒரு தொழிலிடம், கணக்கு அதன் ஒரு பகுதி. ஸ்டோர் அதே துரையின் கீழ் இருந்தால் தோட்டத்தோடு சேரும், தனி நிர்வாகம் இருந்தால் தனியாக வரும். எந்த வினாக்கொத்தாக இருந்தாலும் முதல் பக்கத்தில் தோட்டத்தின் பெயரையும் கணக்குகளின் பெயர்களையும் அச்சடித்து, "இனி வரும் கேள்விகள் இந்த முழு இடத்தையும் பற்றியவை" என்று வாசித்துக் காட்டச் செய்யுங்கள். பதில் சொல்பவர் எந்தக் கணக்கைச் சேர்ந்தவர் என்பதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

இங்கே இன்னொரு குழப்பம். புள்ளிவிபரத்தில் "தோட்டத்துறை" என்ற சொல்லுக்கு ஏற்கெனவே ஓர் அர்த்தம் இருக்கிறது: 20 ஏக்கருக்குக் குறையாத, 10 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் குடியிருக்கும் பெருந்தோட்டம். அது குடியிருப்பை வைத்துச் செய்த வரையறை. லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) குடியிருந்துகொண்டு நகரத்துக் கடைக்கு வேலைக்குப் போகிற பிள்ளை அதில் தோட்டத்துறைக்குள் வருவார். கிராமத்திலிருந்து வந்து கொழுந்து பறித்துவிட்டுப் போகிறவர் வரமாட்டார். தொழிலிட ஆய்வுக்கு வேலை செய்யும் இடம்தான் கணக்கு. அந்த வரையறையை அப்படியே எடுத்துப் போடாதீர்கள்.

வெளியார் முறையில் தேயிலை மலையைப் பிரித்துக் குடும்பங்களுக்குக் கொடுத்திருக்கும் தோட்டங்களில் கேள்வி இன்னும் கடினமாகும். அவர்கள் ஊழியரா, கொழுந்து விற்பவரா? இதை அலுவலக மேசையில் தீர்க்க வேண்டாம். கருத்துக் கேட்புக்குக் கொண்டுபோக வேண்டிய முதல் கேள்வியே இதுதான்.

ஆட்களின் எண்ணிக்கைக்கு ஒரு கீழ் எல்லையும் வேண்டும். பிரித்தானியாவில் 2004 முதல் ஐந்து பேர் என்று வைத்தார்கள். பத்துப் பேர் என்று வைத்தால் நுவரெலியாவின் சிறிய விடுதிகளும் மரக்கறித் தோட்டங்களும் பெரும்பாலும் விழுந்துவிடும். ஐந்து என்று வைத்தால் செலவு கூடும். இரண்டில் எது என்றாலும் காரணத்தை எழுதிவையுங்கள்.

3. யார் யாரிடம் கேட்பது, எப்படித் தெரிவுசெய்வது

முகாமையாளர் பக்கத்தில் துரையிடம் கேட்டால் போதும் என்று நினைக்க வேண்டாம். தோட்டத்தில் அன்றாட வேலையை அவர் தீர்மானிக்கிறார். நாட்சம்பளத்தை அவர் தீர்மானிப்பதில்லை. 2021இல் 1,000 ரூபாய் சம்பள நிர்ணய சபை வழியாக வந்தது, அதற்கு முன்பு கம்பனிகளும் சங்கங்களும் செய்த கூட்டு ஒப்பந்தம் வழியாக. ஆகவே "சம்பளத்தை இங்கே யார் தீர்மானிக்கிறார்கள்?" என்ற கேள்விக்கு "இந்த இடத்துக்கு வெளியே" என்ற பதிலுக்கும் இடம் வையுங்கள். கம்பனி மட்டத்துக்கு ஒரு சிறிய தனிப் படிவம் போடுவது நல்லது.

பிரதிநிதி பக்கத்தில், ஒரே தோட்டத்தில் மூன்று நான்கு சங்கங்கள் இருக்கும். எந்தத் தலைவரிடம் கேட்பது? கூடுதல் உறுப்பினர் உள்ள சங்கத்தின் தலைவரிடம் மட்டும் கேட்டால் வேலை சுலபம், ஆனால் மற்றச் சங்கங்கள் அன்றைக்கே ஆய்வை விட்டு விலகிவிடும். நான் செய்வது: கூடிய உறுப்பினர் உள்ள இரண்டு சங்கங்களிடம் முழு நேர்காணல், மற்றவற்றிடம் ஒரு பக்கப் படிவம். உறுப்பினர் எண்ணிக்கையைச் சங்கத்திடமும் கேளுங்கள், சம்பளத்தில் சந்தா பிடிக்கும் தோட்ட ஒப்பீஸிலும் (அலுவலகத்திலும்) கேளுங்கள். 1999இன் கைத்தொழிற் பிணக்குத் திருத்தச் சட்டத்தில் சங்கத்தை அங்கீகரிப்பதற்குத் தொழிலாளரில் 40 வீதம் உறுப்பினராக இருக்க வேண்டும் என்ற எல்லை இருப்பதால் இந்த எண்ணிக்கை எல்லாருக்கும் முக்கியமானது. இரண்டு எண்ணும் ஒத்துப்போகாவிட்டால் திருத்தாதீர்கள், இரண்டையும் பதியுங்கள்.

தொழிலாளர்களைச் செக்ரோலிலிருந்து சீட்டுக் குலுக்கல் முறையில் தெரிவுசெய்யுங்கள். ஒரு இடத்துக்கு 20 முதல் 25 பேர் போதும். நிர்வாகமோ தலைவரோ "நல்லாப் பேசக்கூடிய நாலு பேரை நாங்களே தர்றோம்" என்பார்கள். அன்பாகத்தான் சொல்வார்கள். நீங்களும் அன்பாக மறுத்துவிடுங்கள். நன்றாகப் பேசுகிறவர்களின் தோட்டமும் பேசாதவர்களின் தோட்டமும் ஒன்றாக இருப்பதில்லை.

செக்ரோலில் பெயர் இல்லாதவர்களும் இருக்கிறார்கள்: கைக்காசுக்கு (பறித்த கிலோவுக்குக் காசு பெற்று) பறிப்பவர்கள், ஒப்பந்தக்காரர் கூட்டிவருபவர்கள், ஓய்வு பெற்றும் வேலைக்கு வருபவர்கள். இவர்களுக்கு ஒரு தனிப் பட்டியலைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் (கொட்டகையில்) இரண்டு நாள் நின்று நீங்களே எடுக்க வேண்டும். வேறு வழி இல்லை.

தொழிலிடங்களைத் தெரிவுசெய்யும்போது பெரியவற்றுக்குக் கூடுதல் வாய்ப்புக் கொடுத்துவிட்டு, பிறகு நிறை போட்டு (கணக்கில் அவற்றின் பங்கைக் குறைத்து) சரிசெய்யுங்கள். எல்லாவற்றுக்கும் சம வாய்ப்புக் கொடுத்தால் மாதிரி முழுக்கச் சிறிய கடைகளால் நிரம்பும், அறுநூறு பேர் வேலை செய்யும் தோட்டங்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான் வரும்.

4. கருத்துக் கேட்பு: முதலில் தனித்தனியாக, பிறகு ஒன்றாக

வரிசை இங்கே மிகவும் முக்கியம். முதல் நாளே கம்பனிகளையும் சங்கங்களையும் ஒரு மேசையில் உட்கார வைத்தால் அது சம்பளப் பேச்சுவார்த்தையாக மாறும். யாரும் தங்கள் சந்தேகங்களை வெளியே சொல்லமாட்டார்கள்.

நான் போகும் வரிசை: தொழில் திணைக்களமும் புள்ளிவிபரத் திணைக்களமும் முதலில், ஏனென்றால் பட்டியலும் சட்டமும் அவர்களிடம். அடுத்து சங்கங்கள், ஒவ்வொன்றும் தனியாக. அடுத்து தொழில்தருநர் சம்மேளனம், பெருந்தோட்டக் கம்பனிகள், அரச தோட்டங்கள், ஹோட்டல், ஆடைத் தொழிற்சாலை நிர்வாகங்கள். பிறகு தொழிலாளர்கள், தலைவர்மாரும் கங்காணிமாரும் இல்லாமல். கடைசியில்தான் எல்லாரும் ஒன்றாக. அந்தக் கூட்டத்தில் புதிதாக எதையும் கேட்காதீர்கள். தனித்தனியாக வந்த கருத்துகளை, யார் சொன்னார் என்று சொல்லாமல், மேசையில் வையுங்கள்.

கையில் கொடுக்கும் கருத்துக் கேட்பு ஆவணம் எட்டுப் பக்கத்தைத் தாண்ட வேண்டாம். "உங்கள் கருத்து என்ன?" என்று வெறுமனே கேட்காமல் தெரிவுகளாக எழுதுங்கள்: "வெளியார் முறைக் குடும்பங்களை (அ) ஊழியராகச் சேர்ப்பது, (ஆ) தனிப் பிரிவாகச் சேர்ப்பது, (இ) இந்தச் சுற்றில் விடுவது. எது, ஏன்?" தெரிவு இருந்தால்தான் சங்கங்கள் தங்கள் மாவட்டக் கமிட்டியில் வைத்து விவாதிக்க முடியும்.

தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றும் ஒரே நாளில் வெளியாக வேண்டும். ஒரு தடவை ஆங்கில ஆவணம் வெளிவந்து மூன்று வாரத்துக்குப் பிறகுதான் தமிழ் வந்தது. அதற்குள் கொழும்பிலிருந்து பதில்கள் வந்து, திட்டம் பாதி இறுகிவிட்டது. மலையகத்திலிருந்து வந்த கடிதங்களை வாசித்தார்கள், ஆனால் எதையும் மாற்ற நேரம் இருக்கவில்லை. அந்தக் கடிதங்களில் ஒன்றில் கைக்காசு ஆட்களைப் பற்றிய முழு விளக்கமும் இருந்தது. அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனம் ஆறவில்லை.

காலக்கெடு எட்டு வாரத்துக்குக் குறைய வேண்டாம். சங்கங்களின் தோட்டக் கமிட்டிகள் மாதம் ஒரு தடவைதான் கூடும். ஒரு கூட்டத்தில் வாசித்து அடுத்த கூட்டத்தில் முடிவெடுக்க இரண்டு மாதம் தேவை.

பெண் தொழிலாளர்களுக்குத் தனிக் கூட்டம் வையுங்கள். மாதர் சங்கத் தலைவியை அழைத்ததோடு அது முடிந்துவிடாது. கடைசிக் கொழுந்தை எடை போட்ட பிறகு, பிள்ளை மடுவத்துக்கு (குழந்தைகள் காப்பகத்துக்கு) பக்கத்தில், முக்கால் மணி நேரம். அதற்கு மேல் பிடித்து வைக்காதீர்கள், வீட்டில் அடுப்பு காத்திருக்கும். மலசலகூட வசதி, நிறுவையில் கழிக்கும் கிலோ, கங்காணியின் பேச்சு என்று எங்கள் முதல் வரைவில் இல்லாத மூன்று விஷயங்கள் இப்படியான ஒரே கூட்டத்தில் வந்தன.

5. கேள்விகளை வெட்டுதல்

கருத்துக் கேட்பு முடியும்போது எல்லாருடைய கேள்விகளும் சேர்ந்து வினாக்கொத்து மூன்று மடங்காகியிருக்கும். முகாமையாளரிடம் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூட, தொழிலாளியிடம் இருபது நிமிடம். அதற்கு மேல் போனால் கடைசிப் பக்கங்களின் பதில்களை நம்ப முடியாது.

ஒரு விதி வையுங்கள்: ஒரு கேள்வி உள்ளே வந்தால் ஒன்று வெளியே போக வேண்டும். எதை வெளியே எடுப்பது என்று கேட்டவரே சொல்லட்டும். எதை வெட்டுவது என்று தெரியாதபோது முதல் படியில் எழுதிய பக்கத்தை எடுத்துப் பாருங்கள். மூன்று தரப்பிடமும் கேட்க வேண்டிய பொதுக் கேள்விகளை மட்டும் கடைசி வரை தொடாதீர்கள்.

6. சொற்களைத் தோட்டத்தில் சோதியுங்கள்

ஆங்கிலத்தில் எழுதி மொழிபெயர்த்தால் கேள்வி தமிழாக இருக்கும், யாருக்கும் விளங்காது. "நிர்வாகம் உங்களுடன் கலந்தாலோசிக்கிறதா?" என்று ஒரு பெண்ணிடம் கேட்டோம். "என்கிட்ட என்னத்துக்குப் பேசுறாங்க, தலைவர்கிட்டதான் பேசுவாங்க" என்றார். கேட்டவர் "இல்லை" என்று குறித்தார். அவர் சொன்னது அது இல்லை, தலைவர் வழியாகப் பேசுகிறார்கள் என்பதுதான். கேள்வியை இப்படி மாற்றினோம்: "நாளுக்குப் பறிக்க வேண்டிய கிலோவைக் கூட்டினபோது உங்களுக்கு முன்கூட்டியே சொன்னார்களா? யார் சொன்னது?" பதில் தெளிவாக வந்தது.

"முழுநேரமா, பகுதிநேரமா?" என்பதும் இங்கே ஓடாது. "போன மாதம் எத்தனை பேர் போட்டார்கள்?" என்று கேளுங்கள். ஆனால் கேட்பவருக்கு அதன் அர்த்தம் தெரிந்திருக்க வேண்டும். வெளி மாவட்டத்திலிருந்து வந்த ஒரு பிள்ளை, பேர் என்பதை ஆட்கள் என்று விளங்கிக்கொண்டு "அவங்க வீட்டிலிருந்து இருபத்திரண்டு பேர் வேலைக்குப் போறாங்க" என்று எழுதியிருந்தது. அரைப்பேர் (அரை நாள் வேலை), கைக்காசு, பெரட்டு, மடுவம் என்று ஒரு பக்கச் சொல்விளக்கத்தைப் பயிற்சியின் முதல் நாளே கொடுங்கள்.

வேலைநிறுத்தம் என்றால் பலருக்குச் சங்கம் அறிவித்த பெரிய போராட்டம்தான் நினைவுக்கு வரும். பெரட்டுக் களத்திலிருந்து திரும்பிப் போனது, மெதுவாக வேலை செய்தது, கொழுந்தை ஏற்ற விடாமல் நிறுத்தியது எல்லாவற்றையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும்.

7. அனுமதியும் இரகசியமும்

அனுமதி மேலிருந்து வர வேண்டும்: கம்பனி, பிறகு தோட்டம், பிறகு கணக்கு. அதே வாரத்தில் சங்கங்களுக்கும் கடிதம் போக வேண்டும். நிர்வாகத்தின் அனுமதியோடு மட்டும் உள்ளே போனால் நீங்கள் துரையின் ஆள். சங்கத்தோடு மட்டும் போனால் படலையிலேயே நிறுத்திவிடுவார்கள்.

செக்ரோலைப் பார்க்க அனுமதி கேளுங்கள். ஆனால் யாரைத் தெரிவுசெய்தீர்கள் என்ற பட்டியலை ஒப்பீஸில் விட்டுவராதீர்கள். இது அடிக்கடி நடக்கும் பிழை. ஆட்களைக் கூப்பிட்டுத் தருகிறோம் என்று ஒப்பீஸில் பட்டியலைக் கேட்பார்கள், புதியவர்கள் கொடுத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு அந்த இருபது பேரும் என்ன சொல்லியிருப்பார்கள் என்பது எல்லாருக்கும் தெரிந்த விஷயம்.

நேர்காணலை லயத்தில் வைக்காதீர்கள். இரண்டு காம்பிராவுக்கு (லயத்து வீட்டுக்கு) நடுவில் ஒரு மெல்லிய சுவர்தான், பக்கத்து வீட்டில் கங்காணியின் குடும்பம் இருக்கலாம். கோயில் மண்டபம், பாடசாலை, வாசிகசாலை நல்லது. 2022இன் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைப் பயிற்சியில் ஒரு மணி நேரமாவது விளக்குங்கள்.

தரவை வெளியிடும்போதும் கவனம் வேண்டும். மாவட்டம், பயிர், தொழிலாளர் எண்ணிக்கை மூன்றையும் போட்டால் மலையகத்தில் எவரும் தோட்டத்தின் பெயரைச் சொல்லிவிடுவார்கள். எண்ணிக்கையை அகலமான வகுப்புகளாகப் போடுங்கள், சில இடங்களில் மாவட்டத்துக்குப் பதில் மாகாணத்தைப் போடுங்கள்.

8. காலம்

தென்மேற்கு மழை அடிக்கும் மே முதல் ஆகஸ்ட் வரை அட்டன், மஸ்கெலியாப் பக்கம் கூட்டம் வைப்பது கடினம். கொழுந்து பெருகும் ஏப்ரல், மே மாதங்களில் துரைமாருக்கு நேரம் கிடைக்காது. தீபாவளி முற்பணம் பேசும் நாட்களில் எல்லாக் கேள்விக்கும் முற்பணமே பதிலாக வரும். தேர்தல் காலத்தைச் சொல்லத் தேவையில்லை. தைப்பொங்கல் முடிந்து மார்ச் வரை கருத்துக் கேட்புக்கு நல்லது.

ஆனால் மேற்குப் பக்கத்தில் அது வரட்சிக் காலம், கொழுந்து குறைவு, வேலை நாளும் குறைவு. ஆகவே முன்னோட்டத்தை அப்போது செய்தால் "கடந்த வாரம்" என்று கேட்காதீர்கள். கடந்த 12 மாதம் என்று கேட்டு, மாதங்களைத் திருவிழாக்களோடு சேர்த்து நினைவூட்டுங்கள்.

முன்னோட்டத்துக்குக் குறைந்தது ஐந்து இடம்: ஒரு கம்பனித் தோட்டம், ஓர் அரச தோட்டம், ஒரு தனியார் ஸ்டோர், ஒரு ஹோட்டல், நகரத்தில் ஒரு கடை. தோட்டத்தில் மட்டும் சோதித்த வினாக்கொத்து ஹோட்டலில் முதல் பக்கத்திலேயே நின்றுவிடும். அங்கே செக்ரோலும் இல்லை, தலைவரும் இல்லை.

9. கருத்துச் சொன்னவர்களுக்குப் பதில் சொல்லுங்கள்

வந்த கருத்துகளை மூன்றாகப் பிரியுங்கள்: ஏற்றது, பகுதியாக ஏற்றது, ஏற்காதது. ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரியில் காரணம். ஏற்காததுக்கான காரணத்தைத்தான் மிகக் கவனமாக எழுத வேண்டும். "நேரம் போதாது" என்றால் அப்படியே எழுதுங்கள். காரணம் தெரிந்தால் சங்கமும் கம்பனியும் அடுத்த கட்டத்திலும் கதவைத் திறப்பார்கள்.

தோட்டங்களுக்கு முழு அறிக்கை தேவையில்லை. தமிழிலும் சிங்களத்திலும் ஒரு பக்கத் தாள் போதும். அதைத் தபாலில் அனுப்பினால் ஒப்பீஸ் மேசையில் கிடக்கும். கருத்துக் கேட்புக்குப் போன அதே ஆள் காலைப் பெரட்டுக்குப் போய் வாசித்துக் காட்டட்டும், பத்து நிமிடம் நின்று அவர்களின் கேள்விகளுக்குக் காதுகொடுக்கட்டும். அங்கே வருகிற திருத்தங்களையும் சேர்த்த பிறகுதான் வினாக்கொத்தை அச்சுக்கு அனுப்புங்கள்.